ஏற்க வேண்டியது எது, மாற்ற வேண்டியது எது? – வாசகர் கேள்வி பதில்

வளர்ந்த பிறகே தமக்கு ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்க நிலையோ இருப்பதை அறிந்துகொண்டவர்களும், அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன். எல்லாக் கடிதங்களும் ஒரே சிகிச்சைமுறையைப் பற்றியே பேசுகின்றன. அது, உளவியலாளர்கள் 'ஆக்ட்' என்று சுருக்கி அழைக்கும் ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சை. எழுதியவர்களின் பெயர்களை விலக்கி, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து, மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். வயது 34. கடந்த ஆண்டு எனக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. பதற்றத்துக்காக 'ஆக்ட்' சிகிச்சைக்குப் போகிறேன். கண்ணை மூடி, ஓடையில் இலைகள் மிதந்து போவதாகவும் ஒவ்வோர் இலையிலும் ஓர் எண்ணத்தை வைப்பதாகவும் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். எனக்கு ஓடையும் தெரிவதில்லை, இலையும் தெரிவதில்லை; இருட்டுதான் தெரிகிறது. "இந்தக் கவலையை உடம்பில் எங்கே உணர்கிறீர்கள்?" என்று கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. நாம் ஓட்டுநர், எண்ணங்கள் பயணிகள் என்று ஒரு பேருந்துக் கதை சொன்னார்கள். அந்தப் பேருந்து எங்கே போகிறது என்று நான் கேட்டதிலேயே அன்றைய நேரம் முடிந்துவிட்டது. சிகிச்சையிலும் தோற்றுவிட்டேன் என்று தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் தோற்கவில்லை. உங்களுக்குப் பொருந்தாத பயிற்சிகள் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. சிகிச்சையை விடுவதற்கு முன், அதன் அடிப்படை எது, அதைச் சொல்லிக்கொடுக்கப் பயன்படும் கருவி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ், கர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் ஆகியோர் வளர்த்தெடுத்து 1999இல் நூலாக வெளியிட்ட இந்த முறை, துன்பம் தரும் எண்ணங்களை அழிக்க முயல்வதில்லை. அவை இருக்கும்போதே நமக்கு முக்கியமானவற்றை நோக்கி நடக்கும் திறனை வளர்க்க முயல்கிறது. அந்தத் திறனுக்கு உளநெகிழ்வு என்று பெயர். உள்ளே எழும் உணர்வுகளோடு சண்டையிடாமல் இடம் கொடுத்தல், எண்ணத்தை எண்ணமாகவே பார்த்தல், இந்தக் கணத்தில் கவனம் வைத்தல், நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளுக்கு அப்பால் நின்று நம்மைக் காணுதல், விழுமியங்களை, அதாவது வாழ்வில் நமக்கு முக்கியமானவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல், அவற்றுக்கேற்பச் செயல்படுதல் என்று ஆறு செயல்முறைகள் அதில் உண்டு. இந்த ஆறில் எதுவும் கண்ணை மூடச் சொல்லவில்லை. இலையையோ பேருந்தையோ கேட்கவில்லை. அவை, மனத்தில் எளிதாகப் படம் விரியும், உவமையை உடனே பிடித்துக்கொள்ளும் மனிதர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட பயிற்சிகள்.

மனத்திரையில் படமே தோன்றாத நிலைக்கு ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் 'அஃபன்டேசியா' என்று பெயரிட்டார். உங்களுக்கு அந்த நிலை இருக்கிறதா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஓடைப் பயிற்சி எந்த வகையிலும் உதவாது. அதே வேலையைத் திறந்த கண்களோடு, கையால் செய்யலாம். எழும் எண்ணத்தை ஒரு சிறு தாளில் எழுதி மேசையின் மறு ஓரத்துக்கு நகர்த்திவையுங்கள். அல்லது, நீங்கள் நாள்தோறும் மென்பொருள் பிழைகளைப் பதிவுசெய்வதைப் போலவே, நேரம், எண்ணத்தின் வாசகம், அது வந்தபோது நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொண்டே போங்கள். "நான் வேலைக்குத் தகுதியற்றவள்" என்ற வாசகம் ஒரு வாரத்தில் ஏழாவது முறையாக அட்டவணையில் வந்து நிற்கும்போது, அது தீர்ப்பல்ல, திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகம் என்பது கண்ணுக்கே தெரியும். ஓடையும் இலையும் இதைத்தான் சாதிக்க முயல்கின்றன.

உடம்பில் எங்கே உணர்கிறீர்கள் என்ற கேள்வியை இன்னும் கவனமாக அணுக வேண்டும். தன் உணர்ச்சியை அடையாளம் கண்டு பெயர் சொல்ல முடியாமல் இருக்கும் நிலையை 'அலெக்சிதைமியா' என்கிறார்கள். 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இது இருப்பதாகவும், மற்றவர்களில் 100க்கு 5 பேர் அளவுக்கே இருப்பதாகவும் கணக்கிட்டது. பசியும் தாகமும் நெஞ்சுத் துடிப்பும் உரத்த அளவை எட்டும்வரை கவனத்துக்கு வராமல் போவதும் பலருக்கு உண்டு. இப்படிப்பட்டவரிடம் உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், அவர் எதையாவது சொல்லித் தப்பிப்பார், அல்லது தன்மேலேயே குறை காண்பார். அதைவிட, வெளியே தெரியும் தடயங்களிலிருந்து உள்ளே போவது நல்லது. அந்த நேரத்தில் என்ன செய்யத் தோன்றியது, எழுந்து போகவா, கதவைச் சாத்தவா, பேச்சை நிறுத்தவா? பல்லைக் கடித்திருந்தீர்களா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? 0 முதல் 10 வரை எண் கொடுக்க முடியுமா? இவற்றுக்கும் விடை கிடைக்காவிட்டால் "தெரியவில்லை" என்பதை முழுமையான பதிலாக ஏற்றுக்கொண்டு, மறுநாள் எழுத்தில் அனுப்பவும் இடம் தர வேண்டும். உணர்ச்சிக்குப் பெயர் தெரியாமலேயே அதற்கு இடம் கொடுக்க முடியும். "இப்போது ஏதோ கடினமானது இருக்கிறது" என்ற அளவு போதும்.

கவனப் பயிற்சியும் அசையாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுபவர்கள் உண்டு. விரல்களால் துணியைத் தேய்த்துக்கொண்டே இருப்பது, முன்னும் பின்னும் அசைவது, ஒரே பாட்டைத் திரும்பக் கேட்பது ஆகியவற்றைப் பலர் சிறுவயதிலேயே அடக்கப் பழக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த அசைவையே கவனத்தின் நங்கூரமாக வைத்துக்கொள்ளலாம். உங்களை ஆழ்ந்து ஈர்க்கும் விருப்பப் பொருள் எதுவோ, அதில் மூழ்கியிருக்கும் நேரத்தில் கவனம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் நிகழ்கணப் பயிற்சிதான்.

உவமைகளைப் பொறுத்தவரை, கருத்தை முதலில் நேரடியாகச் சொல்லிவிடுவதே சரியான வழி. "பயமான எண்ணம் வந்தாலும், அது சொல்கிறபடி நடக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை." பேருந்துக் கதையின் பொருள் இவ்வளவுதான். பேருந்து எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் போகுமிடம் என்பது விழுமியம், சிகிச்சையாளர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

இது என் சொந்த விருப்பம் மட்டுமல்ல. ஸ்வீடனில் யோஹான் பாங்கே என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவே 'நியூரோஆக்ட்' என்ற வடிவத்தை உருவாக்கினார்கள். முன்கூட்டியே தெரியும் கட்டமைப்போடு, வாரம் ஒன்றாக 14 அமர்வுகள் நடக்கும் குழுச் சிகிச்சை அது. வயதுவந்தோர் 39 பேரைக் கொண்டு நடத்திய ஒரு முன்னோட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களின் மன அழுத்தம் குறைந்ததையும் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததையும் அவர்கள் கண்டார்கள். 39 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதால் இதை இறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் வடிவத்தை மாற்றினாலும் முறையின் பயன் தொடர்கிறது என்று நம்ப இது நல்ல காரணம்.

அடுத்த அமர்வுக்கு முன் உங்கள் சிகிச்சையாளருக்கு இப்படி எழுதி அனுப்பிப் பாருங்கள்: "எனக்கு மனத்தில் படம் தோன்றுவதில்லை. உடல் சார்ந்த கேள்விகளுக்கு உடனே விடை சொல்ல முடிவதில்லை. கருத்தை நேரடியாகச் சொல்லுங்கள். பயிற்சிகளை எழுத்தில் தாருங்கள். அமர்வில் பேசப்போவதை முந்தைய நாளே அனுப்பினால் எனக்கு உதவியாக இருக்கும். நான் உங்கள் கண்ணைப் பார்க்காமல் பேசுவேன். அப்போதும் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன்." இதைப் படித்து மகிழ்ச்சியோடு வழிமுறையை மாற்றுபவர் உங்களுக்கு ஏற்ற சிகிச்சையாளர். நீங்கள் எதிர்ப்புக் காட்டுவதாக அவர் சொன்னால், வேறொருவரைத் தேடுங்கள்.

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் மகனுக்கு 27 வயது, ஆட்டிசம் உண்டு. தைப்பூசக் காவடி என்றால் சிறுவயதிலிருந்தே அவனுக்கு உயிர். ஆனால் மேளச் சத்தம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். சென்ற ஆண்டு கட்டாயப்படுத்தி நிறுத்திவைத்தோம். கோயில் வாசலில் கீழே விழுந்து அலறிவிட்டான். அவன் போகும் சிகிச்சையே ஏற்றுக்கொள்ளச் சொல்லும் சிகிச்சைதானே? சத்தத்தையும் அப்படி ஏற்றுக்கொள்ளப் பழக்க வேண்டாமா? உறவினர்கள் நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம் அம்மா. இந்தச் சிகிச்சையைப் பற்றி மக்கள் கொள்ளும் தவறான புரிதல்களில் மிகவும் தீங்கு செய்வது இதுதான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இச்சிகிச்சை ஏற்கச் சொல்வது நமக்குள்ளே எழுபவற்றை. பயம், வெட்கம், துக்கம், "என்னால் முடியாது" என்னும் எண்ணம் போன்றவற்றை விரட்ட முயலும்போது வாழ்க்கை சுருங்கிப்போகிறது. ஆகவே அவற்றுக்கு இடம் கொடுத்துவிட்டு நடக்கச் சொல்கிறது. அடுப்பில் வைத்த கையை அங்கேயே வைத்திருக்க அது சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலியும் ஒளியும் வாசனையும் மற்றவர்களுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கூர்மையாகத் தெரிகின்றன. உறுமி மேளம், ஒலிபெருக்கி, கற்பூரப் புகை, நாலாபுறமும் உரசும் தோள்கள், பிப்ரவரி வெயில் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்போது உங்கள் மகனுக்கு ஏற்படுவது விருப்பமின்மை அல்ல, வலி. அந்த வலியில் அவரை நிறுத்திவைத்தால் அவர் பழகிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்வார், பிறகு பல நாள் படுக்கையிலிருந்து எழ முடியாத அளவுக்குச் சோர்ந்துபோவார். சென்ற ஆண்டு கோயில் வாசலில் நடந்ததைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்; தாங்கும் எல்லையைக் கடந்த நரம்பு மண்டலத்தின் நிலை அது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்ட வரிக்கு வருகிறேன். காவடி அவருக்கு உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையின் மொழியில் அதுதான் விழுமியம். இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காவடியில் அவருக்கு எது உயிர் என்று, பொறுமையாக, வேண்டுமானால் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். முருகனிடம் வைத்த வேண்டுதலா, பத்து நாள் விரதத்தின் ஒழுங்கா, காவடிக்குச் சாமந்தியும் மயிலிறகும் கட்டும் வேலையா, தாத்தா நடந்த வழியில் தானும் நடப்பதா? விடை எதுவோ அதற்கேற்ப வழி மாறும். கொடியேற்றத்திலிருந்து நாள்தோறும் ஒரே நேரத்தில் விளக்கேற்றி விரதம் இருப்பதே அவருக்கு மையமாக இருந்தால், அது வீட்டிலேயே முழுமையாக நடக்கும். காவடி கட்டுவது பிடித்திருந்தால், முந்தைய மாலை குடும்பத்துக் காவடி முழுவதையும் அவரிடமே ஒப்படையுங்கள். நடப்பதுதான் வேண்டும் என்றால், கோயில் நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே பேசி, மேளக் குழுக்கள் சேர்வதற்கு முன் விடியற்காலையில் பால்குடம் எடுத்துவர இடம் கேளுங்கள். இரைச்சலைக் குறைக்கும் காதுக் கவசத்தைப் போட்டுக்கொள்ளட்டும்; திரும்பிப் போகும் வழியை முன்னாலேயே காட்டிவையுங்கள்; போதும் என்று அவர் கைகாட்டினால் ஒரு கேள்வியும் கேட்காமல் அழைத்துவந்துவிடுங்கள். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகும் வழக்கம் இருந்தால், அங்கும் இதே முறையைப் பின்பற்றலாம். அங்கே கூட்டம் இன்னும் பெரிது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் அவருக்கு ஓரளவு கலக்கம் மிஞ்சும். "எல்லாரும் என் காதைப் பார்க்கிறார்கள்" என்ற எண்ணம் வரலாம். வழக்கம் மாறியதால் பதற்றம் வரலாம். இந்த மிச்சத்துக்குத்தான் ஏற்பு பயன்படுகிறது. முதலில் சூழலை மாற்றுவது, அதற்குமேல் எஞ்சுவதை ஏற்க உதவுவது என்ற வரிசை தலைகீழாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் சொல்வது உங்களுக்கு வலிக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. "நான் நல்ல தாய் இல்லை" என்ற எண்ணம் இரவில் வருமானால், அதற்கு விடை தேடி உறவினர் வீடுகளுக்கு விளக்கம் சொல்லப் போக வேண்டாம். அந்த எண்ணம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் மகன் விடியற்காலையில் பால்குடத்தோடு நடக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். இந்தச் சிகிச்சை உங்களுக்கும் உதவும்.

கேள்வி: பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் சொந்தமாக மின்பணி ஒப்பந்தத் தொழில் செய்கிறேன். வயது 41. என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்று கண்டறிந்தபோதுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. சிகிச்சையில் என் விழுமியங்கள் தெளிவாகிவிட்டன. பிள்ளைகளோடு இருக்கும் தந்தையாக வாழ வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செய்வதாக எழுதிக்கொடுத்த எதையும் செய்வதில்லை, தாளைத் தொலைத்துவிடுகிறேன். அடுத்த அமர்வுக்குப் போகவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: ஐயா, அமர்வுக்குப் போங்கள், தாளைத் தொலைத்ததைத்தான் முதலில் பேச வேண்டும். ஏ.டி.எச்.டி.யில் பழுதாவது அறிவோ விருப்பமோ அன்று. தெரிந்ததைத் தேவையான நேரத்தில் செயலாக்குவதுதான் கடினமாகிறது. ஆகவே "உறுதியோடு செயல்படுங்கள்" என்று சொல்லி வீட்டுப்பாடத் தாளைக் கொடுத்தனுப்பும் சிகிச்சை, எந்த இடத்தில் உங்களுக்கு உதவி வேண்டுமோ அந்த இடத்திலேயே உங்களைத் தனியே விட்டுவிடுகிறது.

செயலை மிகச் சிறியதாக, அமர்வு முடிவதற்குள்ளேயே தொடங்கக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். "வார இறுதியில் பிள்ளைகளோடு நேரம் செலவிடுவேன்" என்பதற்குப் பதிலாக, சிகிச்சையாளர் முன்னிலையிலேயே கைப்பேசியை எடுத்து, வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு மகனைக் கிரிக்கெட் விளையாட அழைத்துப்போக நினைவூட்டல் வைத்து, மகனுக்கும் ஒரு குரல்செய்தி அனுப்பிவிடுங்கள். காத்திருக்கும் ஒருவர் இருந்தால் உங்கள் மூளை விழித்துக்கொள்ளும். தாளை விட்டுவிட்டு, அமர்வின் முடிவில் முக்கியமானவற்றை நீங்களே உங்கள் குரலில் பதிவுசெய்துகொண்டு, வேலைக்கு வண்டி ஓட்டிப்போகும்போது கேளுங்கள். விழுமியத்தைப் பார்வையில் படும் இடத்தில் வைக்க வேண்டும். கருவிப்பெட்டியின் மூடிக்கு உள்ளே மகன் எழுதிய ஒரு வரியை ஒட்டிவைக்கலாம். ஒரு மாதத்தில் அது கண்ணுக்குப் பழகிக் காணாமல்போகும். அப்போது இடத்தை மாற்றுங்கள், அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். கணக்கு எழுதுவது போன்ற சலிப்பான வேலைக்கு, பேசாமல் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தாலே போதும் என்பது பலருடைய அனுபவம்.

வெட்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 41 ஆண்டுகளாகச் சோம்பேறி, பொறுப்பற்றவன் என்று கேட்டுவந்தவருக்கு, ஒருமுறை தவறவிட்டதும் பழைய வசை முழுவதும் தன் சொந்தக் குரலிலேயே திரும்ப வரும். விழுமியத்தின் சிறப்பு, அதை எத்தனை முறை தவறவிட்டாலும் அடுத்த ஐந்து நிமிடத்தில் திரும்பிப் பிடிக்கலாம் என்பது. தவறாமல் செய்ததை எண்ணாதீர்கள்; விட்டபின் எத்தனை முறை திரும்பி வந்தீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள்.

மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று எழுதவில்லை. இச்சிகிச்சையை மருந்துக்கு மாற்றாக நான் சொல்ல மாட்டேன்; இரண்டும் சேர்ந்து நடக்கலாம். ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் தென்னாப்பிரிக்காவில் கடுமையான கட்டுப்பாடு கொண்ட 6ஆம் அட்டவணை மருந்து என்பதால், ஒரே மருந்துச்சீட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு மாதமும் புதிய சீட்டு வேண்டும். மறதியும் தள்ளிப்போடுதலும் உள்ளவர்களுக்கான மருந்தைப் பெறவே இத்தனை நினைவாற்றல் தேவைப்படுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். ஆகவே அடுத்த சீட்டுக்கான நேரத்தைக் குறிப்பதையே உங்கள் முதல் உறுதிச்செயலாக வைத்துக்கொள்ளுங்கள். மனைவியிடமோ மருத்துவரின் வரவேற்பாளரிடமோ நினைவூட்டச் சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை.

கேள்வி: டோங்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் இருக்கின்றன. ஆசிரியர் அறையில் என்னை ஒதுக்குகிறார்கள். நான் நேரடியாகப் பேசுவதைத் திமிர் என்கிறார்கள். கூட்டங்களுக்கு என்னை அழைப்பதில்லை. சிகிச்சையாளரிடம் சொன்னால், "ஒதுக்குகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு வருகிறது" என்று மாற்றிச் சொல்லச் சொல்கிறார். நான் சொல்வதை அவர் நம்பவில்லை என்றே தோன்றுகிறது.

பதில்: உங்களுக்கு அப்படித் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. "எனக்கு இந்த எண்ணம் வருகிறது" என்று முன்னொட்டுச் சேர்ப்பது, தன்னைத் தானே சுடும் தீர்ப்புகளிலிருந்து விலகி நிற்க நல்ல பயிற்சி. ஆனால் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை என்பது எண்ணமல்ல, நிகழ்வு. நிகழ்வை எண்ணமாக்கிச் சொல்லச் சொன்னால், சிறுவயது முதல் "சத்தமே இல்லை, நீதான் மிகைப்படுத்துகிறாய்" என்று கேட்டு வளர்ந்தவர் மறுபடியும் தன் புலன்களையே சந்தேகிக்கத் தொடங்குவார். சிகிச்சையாளர் முதலில் நடந்ததை நடந்ததாக ஒப்புக்கொண்டு உங்கள் பக்கம் நிற்க வேண்டும். அதன்பின், அந்த நிகழ்வுக்குமேல் மனம் கட்டும் முடிவுகளை, "என்னை யாரும் ஒருநாளும் விரும்பப்போவதில்லை" என்பது போன்றவற்றைத் தனியே எடுத்து அந்தப் பயிற்சியைச் செய்யலாம்.

தவறு முழுவதும் உங்களிடம் இருப்பதாக எண்ணவும் காரணமில்லை. தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற சமூகவியல் அறிஞர் 2012இல் முன்வைத்த 'இருபக்கப் பரிவுச் சிக்கல்' என்னும் கருத்தின்படி, ஆட்டிசம் உள்ளவர் மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் அளவுக்கு மற்றவர்களும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள். பாதி வழி நடந்துவர வேண்டிய கடமை உங்கள் சக ஆசிரியர்களுக்கும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் உடல்நிலை, மனநிலை சார்ந்த குறைபாட்டைக் காரணமாக்கி நியாயமற்ற பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. பணியாளருக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதரவும் அதில் இடமுண்டு. கூட்ட அறிவிப்புகளை எழுத்தில் தரக் கேட்பது அத்தகைய ஒரு வசதிதான். பாகுபாடு நடந்ததாக முறையிட வேண்டுமானால், நிகழ்ந்த ஆறு மாதத்துக்குள் சி.சி.எம்.ஏ. என்னும் சமரச, நடுவர் ஆணையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே தேதிகளைக் குறித்துவையுங்கள். உங்கள் நிலையைப் பள்ளியில் வெளிப்படுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சட்டப் பாதுகாப்பைக் கோருவதற்கு ஓரளவாவது வெளிப்படுத்த வேண்டியிருக்கும் என்பதால், தொழிற்சங்கத்தில் நம்பிக்கையானவர் ஒருவரிடம் முதலில் பேசிப் பாருங்கள்.

கடிதத்தின் இறுதியில், இத்தனை ஆண்டும் மற்றவர்களைப் போல நடித்து நடித்து உண்மையில் நீங்கள் யார் என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விழுமியங்களைப் பட்டியலிடச் சொன்னால் 'இணக்கம்', 'பணிவு', 'யாருக்கும் தொல்லை தராமை' என்று வருவதாகச் சொல்கிறீர்கள். அவற்றைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். நெடுநாள் முகமூடி அணிந்தவர்களின் பட்டியலில் பாதுகாப்பு விதிகள் விழுமியங்களைப் போல இடம்பிடித்துவிடுகின்றன. ஒருவரும் பார்க்காதபோதும், ஒருவரும் பாராட்டாதபோதும் எதைச் செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ஒரு குழந்தை மெல்லினமும் வல்லினமும் பிரித்தறியும் நொடியில் உங்களுக்கு ஏற்படுவதாக நீங்கள் எழுதிய மகிழ்ச்சி, 'பணிவு' என்ற சொல்லைவிட உங்களைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது. முகமூடியை ஒரே நாளில் எறிந்துவிட வேண்டியதில்லை; இந்நாட்டில் சில இடங்களில் அது உங்கள் வேலையையும் காக்கிறது. எங்கே கழற்றலாம், யார் முன் கழற்றலாம் என்று நீங்களே தேர்ந்தெடுப்பதுதான் நெகிழ்வு.

கேள்வி: ஸ்டாங்கரில் இருக்கிறேன். என் மகளுக்கு 22 வயது. இச்சிகிச்சையால் ஆட்டிசம் குணமாகுமா? நல்ல சிகிச்சையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குணமாகாது, குணப்படுத்துவது அதன் நோக்கமும் அன்று. ஆட்டிசம் உங்கள் மகளின் மூளை அமைந்த விதம். அதோடு சேர்ந்து வரும் பதற்றம், மனச்சோர்வு, தன்னை வெறுத்தல் ஆகியவற்றின் பிடியைத் தளர்த்தவே இச்சிகிச்சை. கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளா, கைகளை அசைக்காமல் இருக்கிறாளா என்று அளக்காதீர்கள். அவளுக்கு வேண்டியதை அவளால் செய்ய முடிகிறதா, வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

சிகிச்சையாளர் எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் சுகாதாரத் தொழில்வல்லுநர் மன்றத்தில் பதிவுபெற்றவரா என்பதை அதன் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு மட்டும் போதாது. வயதுவந்த ஆட்டிசம் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா, பயிற்சிகளை அவர்களுக்காக எப்படி மாற்றுகிறார் என்று முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஓர் உதாரணமாவது சொல்லத் தெரியாதவரிடம் போக வேண்டாம். தனியார் கட்டணம் கைக்கு எட்டாவிட்டால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் உளவியல் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் 'சடாக்' எனப்படும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் இலவச உதவித் தொலைபேசியும் ஆதரவுக் குழுக்களும் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள வயதுவந்தோரிடையே தற்கொலை அபாயம் பொதுவானவர்களைவிட அதிகம் என்பதால், வாழ வேண்டாம் என்ற பேச்சை உங்கள் மகள் எவ்வளவு அமைதியான குரலில் சொன்னாலும், முகத்தில் எந்தத் துயரமும் தெரியாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.